வாவல் என்ன தின்னும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில், குழித்துறையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையின் ஓரத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு விளை (தோட்டம்) தள்ளி, ஒரு பழைய காவு, அதாவது கோயில் தோப்பு, இருக்கிறது. சுற்றிலும் கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கிவிட்ட பிறகும் அதற்குள் ஆலும் அயினியும் புன்னையும் நிற்கின்றன. பகல் முழுவதும் வாவல்கள் அவற்றில் தொங்குகின்றன. பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இவற்றைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம் வருகிறார்கள். நிப்பாக் காய்ச்சல் செய்தி கேரளத்திலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள் புதிய வேகத்தோடு திரும்பி வருவதால், ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். காவின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், பெயர் தெரிந்தால் படம் எடுக்க வருகிறவர்கள் பகலில் அவற்றைத் தூங்கவிட மாட்டார்கள் என்பதே.

வாவலும் வௌவாலும் ஒன்றுதானா? மச்சுக்குள் புகுந்து பறப்பதும் இதுதானா?

சொல்லளவில் இரண்டும் ஒன்றுதான். 'வாவல்' சங்கப் பாடல்களிலேயே உள்ள பழைய சொல். மாலையில் பழுத்த மரத்தை நாடிப் பறப்பதாக அது அங்கே வருகிறது. உயிரின் அளவில் பார்த்தால், பழம் தின்னும் வௌவால்கள் வேறு, பூச்சி பிடிக்கும் வௌவால்கள் வேறு. மச்சிலும் ஓட்டு இடுக்கிலும் புகுந்து, விளக்கைச் சுற்றி வெட்டி வெட்டிப் பறக்கும் சிறியவை பெரும்பாலும் பூச்சி தின்பவை. அவற்றுக்கு உங்கள் பழத்தில் அக்கறை இல்லை.

பழம் தின்பவற்றில் நம் ஊர்ப் பக்கம் மூன்றைப் பார்க்கலாம். காவில் கூட்டமாகத் தொங்குவது இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவால். இறக்கை விரித்தால் 1.2 மீட்டருக்கு மேல் இருக்கும், எடை ஒன்றரை கிலோ வரை போகும். இரண்டாவது, உள்ளங்கையில் அடங்கும் குட்டைமூக்கு வாவல். சுமார் 50 கிராம் எடையுள்ள இது பனையோலைக்கு அடியிலும் நெட்டிலிங்கத்தின் அடர்ந்த இலைகளுக்குள்ளும் சிறு குழுவாகத் தங்கும். மூன்றாவது குகை, பாழடைந்த மண்டபம், பழங்கிணறு போன்ற இருண்ட இடங்களில் வாழ்வது. இந்தப் பக்கத்தில் 'வாவல்' என்று சொல்லும்போதெல்லாம் இம்மூன்றையே குறிப்பிடுகிறேன்.

பழம் மட்டும்தான் தின்னுமா? கோழிக்குஞ்சைத் தூக்கும் என்கிறார்களே?

கோழிக்குஞ்சைத் தூக்காது. அது ஆந்தையோ மரநாயோ செய்யும் வேலை. பழி மட்டும் இதன்மேல் விழுகிறது. இவை உண்பவை நான்கு: பழச்சாறு, பூந்தேன், அதோடு உள்ளே போகும் மகரந்தம், இளம் இலைகளின் சாறு. சில பூக்களின் சதைப்பற்றான இதழையே தின்றுவிடுவதும் உண்டு. இலுப்பைப் பூ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

காலையில் மரத்தடியில் நார் உருண்டைகள் கிடக்கின்றனவே, அவை எச்சமா, வாந்தியா?

இரண்டும் இல்லை. அது மென்று துப்பிய சக்கை. பலாப்பழத்தையே சக்கை என்று சொல்லும் நம் ஊரில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் குழப்பம் வரும், ஆனாலும் வேறு பொருத்தமான சொல் இல்லை. வாவலின் மேலண்ணத்தில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடுகள் உள்ளன. கடித்த பழத்துண்டை நாக்கால் அந்த மேடுகள்மேல் வைத்து அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு, நாரையும் தோலையும் உருண்டையாக்கித் துப்பிவிடுகிறது. கரும்பைக் கடித்துச் சாறு உறிஞ்சிச் சக்கையைத் துப்பும் நம்முடைய வழக்கமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே.

இதற்குக் காரணம் பறத்தல். வயிற்றில் நாரைச் சுமந்துகொண்டு பறக்கிற உயிருக்கு அது வீண் பாரம். விழுங்கிய சாறும் அதனோடு போகும் நுண்ணிய விதைகளும்கூட அரை மணி நேரம் போலத்தான் குடலில் தங்குகின்றன. ஆகவே, வாவல் எதைத் தின்கிறது என்று அறிய அதைப் பிடிக்கவே வேண்டியதில்லை. விடியற்காலையில் மரத்தடியில் குனிந்து பார்த்தால் போதும். உருண்டையின் நிறம், நாரின் தன்மை, பக்கத்தில் கிடக்கும் கொட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து முந்தைய இரவின் உணவைச் சொல்லிவிடும். இன்னொன்றையும் அங்கே கவனிக்கலாம். சக்கை கிடக்கும் மரம் பெரும்பாலும் அந்தப் பழம் காய்த்த மரமாக இருக்காது. வாவல், குறிப்பாகச் சிறியது, பழத்தைப் பறித்துக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய் அமைதியாகத் தின்னும். உங்கள் முற்றத்து மாமரத்தடியில் பாக்குக் கிடந்து திகைத்திருந்தால், விடை இதுதான்.

ஊருக்குள் அப்படி என்ன பழம் இருக்கிறது? காடெல்லாம்தான் போய்விட்டதே.

நாம் பழம் என்று எண்ணாதவைதான் இவற்றின் சோறு. முதலிடம் ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவற்றுக்கு. மாமரம் போல இவை எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. அத்தி இனத்துக்கு மகரந்தம் சேர்க்கும் சிறு குளவிகள் தொடர்ந்து உயிர்வாழ எங்கேயாவது ஒரு மரம் எப்போதும் காய்த்திருக்க வேண்டும். ஆதலால் இந்த ஆல் ஓய்ந்திருக்கும் மாதத்தில் அந்த ஆல் பழுத்திருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காத மாதங்களில் வாவல்களைத் தாங்குவது இந்த ஏற்பாடே. ஒரு ஊரில் நான்கைந்து முதிர்ந்த ஆல் இருப்பதற்கும் ஒன்றே ஒன்று இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படும்.

மற்றவை பருவத்துக்குப் பருவம் மாறும். மாசி, பங்குனியில் கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், கிடைக்கும். இலுப்பை பூத்தால் முதலில் பூ, பின் ஆனி, ஆடியில் அதன் பழம். கோடையின் முடிவில் அயினி பழுக்கும்; சிறு பலாப்பழம் போன்ற அந்த அயினிச்சக்கையை நாம் மறந்துவிட்டோம், மரத்தைத் தடிக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம், ஆனால் வாவல் மறக்கவில்லை. மழை தொடங்கும் நாட்களில் நாவலும், பள்ளி வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் கறுத்த பழமும் வரும். புன்னையும் நாட்டு வாதுமையும் மேல்தோலுக்காக மட்டும் தின்னப்படுகின்றன; உள்ளே உள்ள கொட்டை அப்படியே கீழே விழும். பேருந்து நிறுத்தங்களில் நிழலுக்காக வைக்கும் தேன்பழ மரம், அதாவது பிள்ளைகள் சிவந்த சிறு பழம் பறித்துத் தின்னும் மரம், ஆண்டின் பெரும்பகுதி காய்ப்பதால் குட்டைமூக்கு வாவலுக்கு அது அன்றாடக் கடை மாதிரி.

மா, கொய்யா, சப்போட்டா, வாழை ஆகியவையும் பட்டியலில் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் என் மரத்தடிக் கணக்கில் நம் தோட்டத்துப் பழங்களைவிட ஆலும் நெட்டிலிங்கமும் புன்னையுமே மிகுதியாகக் கிடக்கின்றன.

கண் தெரியாத உயிர், இருட்டில் பழுத்த பழத்தை மட்டும் எப்படிப் பறிக்கிறது?

கண் நன்றாகவே தெரியும். அந்தப் பெரிய கண்களைப் பகலில் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். எதிரொலியால் வழி கண்டுபிடிப்பது பூச்சி தின்னும் வௌவால்களின் திறமை. காவில் உள்ள பெரிய வாவலுக்கு அது கிடையாது. முதல் கேள்வியில் சொன்ன மூன்றாவது வகை மட்டும் நாக்கைச் சொடுக்கி எழும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு குகை இருட்டில் வழி பார்க்கிறது.

பழத்தைக் கண்டுபிடிப்பதில் மூக்குக்கே முதல் பங்கு. பறவைகளை அழைக்கும் பழங்கள் சிவப்பும் கறுப்புமாகப் பளிச்சென்று இருக்கும். வாவலை நம்பிய மரங்களுக்கு நிறத்தால் பயனில்லை. பழுத்த இலுப்பையும் புன்னையும் மங்கலாகவே இருந்து மணத்தால் அழைக்கின்றன. காய்க்கு அந்த மணம் இல்லை, ஆகவே வாவல் காயைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தோட்டக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. ரம்பூட்டான் கேள்வியில் மீண்டும் இதற்கு வருவேன்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு தின்னும்?

சிறிய வாவல் ஓர் இரவில் தன் உடல் எடைக்கு ஈடான பழத்தைக் கையாளும். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் பழத்தில் பெரும்பகுதி நீர், நாரைத் துப்பிவிடுகிறது, நீர் விரைவில் வெளியேறிவிடுகிறது. உடலில் தங்குவது சர்க்கரை மட்டுமே.

கொல்லாவிளையில் வாவல் வந்தால் நஷ்டமா, லாபமா?

கொல்லாம்பழத்தின் சதையைத்தான் வாவல் தின்னும், அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, தொடாது. அண்டியின் ஓட்டில் உள்ள எண்ணெய் நம் கைத்தோலையே பொத்தவைக்கும். அதன் வாய்க்கும் அது ஆகாது. பழத்தோடு தூக்கிக்கொண்டு போய் வேறு மரத்தில் தின்பதால், அண்டி உங்கள் விளையில் விழாமல் அடுத்தவர் விளையில் விழலாம். இழப்பு என்றால் இடமாற்றத்தால் வரும் இழப்பு. சிறுவயதில் காவின் ஓரத்தில் அண்டி பொறுக்கி விற்று மிட்டாய் வாங்கிய தலைமுறை இன்னும் இங்கே உண்டு. அவர்களில் நானும் ஒருத்தி. கமுகிலும் இதே கதை. பழுத்த பாக்கின் நார்த்தோலைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். புன்னைக்காயையும் அப்படித்தான் பொறுக்கி, விளக்கு எரிக்கும் எண்ணெய்க்காகச் சேர்த்தார்கள்.

என் ரம்பூட்டானை ஒன்றுவிடாமல் தின்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இழப்பு உண்மையானது, அதைச் சிறிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. ரம்பூட்டான் மரத்திலேயே பழுத்தால்தான் இனிக்கும், பறித்தபின் பழுக்காது. எனவே வாவலுக்கும் நமக்கும் ஒரே நாளில் ஒரே பழம் தேவைப்படுகிறது. ஏத்தனும் செந்துளுவனும் அப்படியல்ல. முதிர்ந்த காயாகவே குலை வெட்டப்படுவதால் சந்தைக்குப் போகும் வாழையில் வாவலால் இழப்புக் குறைவு. மரத்தில் பழுக்கவிட்ட குலைதான் போகும். மாவிலும் முதிர்ந்த காயைப் பறித்துப் பழுக்க வைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை.

ரம்பூட்டானுக்கு வலைதான் வழி. ஆனால் எந்த வலை என்பது முக்கியம். மெல்லிய நைலான் இழையில் அகலக் கண்ணுள்ள வலையைத் தளர்வாகப் போர்த்தினால் வாவலும் பாம்பும் குயிலும் சிக்கிச் சாகும். இறந்த வாவலை மரத்திலிருந்து பிரித்தெடுப்பது உங்களுக்கும் ஆபத்து. கண் 5 மில்லிமீட்டருக்கு மிகாமல், நெசவு தடித்து, வெள்ளையாக உள்ள வலையை மரத்தின்மேல் சட்டம் கட்டி இறுக்கமாக இழுத்துவிடுங்கள். கண்ணுக்குள் சுண்டுவிரல் நுழையக் கூடாது என்பது எளிய அளவு. மரம் சிறிதானால் கொத்துக்கொத்தாகத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டலாம். பட்டாசு, தகர ஒலி, மின்விளக்கு ஆகியவை நான்கைந்து இரவுகளுக்கு மட்டும் பயன்படும். பிறகு வாவல் பழகிவிடும், பக்கத்து வீட்டார்தான் பழக மாட்டார்கள்.

தின்று துப்பிய விதை முளைக்குமா?

எப்படிப்பட்ட விதை என்பதைப் பொறுத்தது. ஆல், அத்தி, கொய்யா, தேன்பழம் போன்றவற்றின் நுண்விதைகள் குடல் வழியாகச் சேதமில்லாமல் வெளியேறி, பெரும்பாலும் பறக்கும்போதே விழுகின்றன. இலுப்பை, புன்னை, நாவல் போன்ற பெரிய விதைகள் வாய்க்குள் போகாமலே கீழே போடப்படுகின்றன. இரண்டும் முளைக்கும். பெரிய விதைகளைத் தாய்மரத்திலிருந்து நூறு, இருநூறு அடி அப்பால் கொண்டுபோய்ப் போடும் உயிர்கள் நகரத்துக்குள் மிகக் குறைவு. குருவிக்கு அந்த வலு இல்லை, யானைக்கும் கரடிக்கும் இங்கே இடமில்லை. இலுப்பைக் கன்று நட்டவர் யாரும் இல்லாத வேலியோரத்தில் இலுப்பை முளைத்திருந்தால் அதை நட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாவல்கள் பகலில் தங்கும் மரத்தின் அடியில் விழுந்து குவியும் விதைகளில் பெரும்பாலானவை நிழலிலும் நெருக்கத்திலும் வீணாகின்றன. பழைய சுவரிலும் கோயில் மதிலிலும் ஆல் முளைத்துக் கல்லைப் பிளப்பதில் பறவைகளோடு இவற்றுக்கும் பங்குண்டு. அந்த நாற்றை விரல் அளவாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

வாழைப்பூவையும் இலவம்பூவையும் ராத்திரி வந்து குதறுகிறதே, அதனால் காய்ப்புக் குறையாதா?

இலவ மரம் இரவில்தான் பூக்கிறது, வெளிறிய நிறம், கனத்த மணம், தாராளமான தேன்; அந்த ஏற்பாடு முழுவதும் வாவலுக்காகவே. தேன் நக்க வந்த வாவலின் முகத்திலும் மார்பிலும் மகரந்தம் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகிறது. இலுப்பையிலும் அப்படியே. சில பூக்களை அது தின்றுவிட்டாலும் மற்றவற்றில் காய் பிடிப்பதற்கு அதுவே உதவுகிறது.

வாழையைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்கிறேன்: நாம் வளர்க்கும் மட்டியோ ஏத்தனோ விதையில்லாத வாழை, காய்ப்பதற்கு மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. ஆகவே வாவல் வருவதால் குலைக்கு நன்மையும் இல்லை, தேன் குடித்துப் போவதால் கேடும் இல்லை. காட்டு வாழைக்கு அது தேவைப்படுகிறது.

வெறும் பழச்சாறு குடித்து எப்படிக் குட்டிக்குப் பால் கொடுக்கிறது?

இதைக் கேட்டவர் ரப்பர் பால் வெட்டப் போகும் ஓர் அக்கா, கைக்குழந்தையின் தாய். இத்தனை ஆண்டு வகுப்பறையில் எந்த மாணவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பழத்தில் சர்க்கரை நிறைய உண்டு, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. தாய் வாவல் பறக்கும் அளவுக்கு வளரும் குட்டியின் எலும்புக்கெல்லாம் தன் பாலிலிருந்தே கொடுக்க வேண்டும். அந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுகட்டுகிறது. ஒன்று, பழங்களுக்குள் சுண்ணாம்புச் சத்து மிகுந்த அத்தி இனப் பழங்களை நாடுவது. மற்றொன்று, இரண்டாம் கேள்வியில் சொன்ன இளம் இலைகள். இலையைக் கடித்து மென்று, பழத்தைப் போலவே சாற்றை மட்டும் விழுங்கிவிட்டுப் பச்சை உருண்டையைத் துப்பிவிடும். மரத்தடியில் நார் இல்லாத பச்சைச் சக்கை கிடந்தால் அது இலைச்சாறு குடித்ததன் அடையாளம்.

பெரிய வாவல் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். குட்டைமூக்கு வாவல் ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்று. எலியைப் போலப் பெருகிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இலை தின்று தின்றே காவில் மரங்களை மொட்டையாக்கிவிட்டதாமே?

இல்லை. தங்கும் மரத்தின் உச்சி மொட்டையாவது நூற்றுக்கணக்கானவை ஒரே கிளையில் ஏறி, தொங்கி, நகத்தால் பற்றி உரசுவதால்தான். பெரிய ஆல் அதைத் தாங்கி மீண்டும் தளிர்க்கும்.

வாவல் கடித்த பழம் தின்றால் நிப்பா வருமா?

அதைத் தின்னக் கூடாது. பாதி கடித்த பாகத்தை வெட்டியெறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் கூடாது. நிப்பா நுண்மி (வைரஸ்) பெரிய வாவல்களின் உடலில் அவற்றுக்கு நோய் உண்டாக்காமல் வாழ்கிறது. அவற்றின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் சில வேளைகளில் வெளிப்படுகிறது. எல்லா வாவலும் எல்லா நாளும் அதை வெளியிடுவதில்லை, ஆனால் எது எந்த நாளில் என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. பல், நகத் தடம் உள்ள பழத்தை ஒதுக்குங்கள். தடமில்லாத பழத்தையும் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள். கீழே கிடப்பதை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2018 மே மாதம் கோழிக்கோட்டின் பேராம்பிரையில் தொடங்கிய, கேரளத்தின் முதல் பரவலில் 17 பேர் இறந்தனர். முதலில் நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் பிடித்த வௌவால்களை ஆய்வு செய்தபோது அவை பூச்சி தின்பவையாக இருந்தன, அவற்றில் நுண்மி இல்லை. பின்னர் அந்தப் பகுதியின் பழந்தின்னி வாவல்களில்தான் அது தென்பட்டது. ஆயினும் குறிப்பிட்ட ஒரு பழத்தின் வழியாக மனிதருக்குத் தொற்றியது என்று உறுதி செய்யப்படவில்லை. அந்தப் பரவலில் பெரும்பாலானோர் நோயாளியிடமிருந்து, அதிலும் மருத்துவமனையில், தொற்றுக்கு ஆளானவர்கள். இதை நினைவூட்டுவது வாவலைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அன்று. கவனம் எங்கே வேண்டும் என்பதற்காகவும்தான்.

வாவலை விரட்டினால் நோய் போகுமா என்று அடுத்த கேள்வி உடனே வரும். விரட்டப்பட்ட கூட்டம் சிதறிப் பல இடங்களில் குடியேறும். பட்டினியும் பதற்றமும் உள்ள விலங்கு நுண்மியை மிகுதியாக வெளியிடக்கூடும். பேசாமல் தொங்கும் கூட்டத்தைப் பேசாமல் விடுவதே நமக்கும் நல்லது.

அக்கானி குடிக்கலாமா?

அக்கானி என்று நாம் சொல்வது பனம்பாளையின் இனிப்புச் சாறான பதநீரை. வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நிப்பா மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. இரவில் வாவல்கள் வந்து சாறு வடியும் வெட்டுவாயை நக்குவதையும் கலயத்தில் சிறுநீர் கழிப்பதையும் இருட்டிலும் படம் பிடிக்கும் கேமராக்கள் அங்கே பதிவு செய்தன. வெட்டுவாயையும் கலயத்தையும் மூங்கில் பாயால் மூடும் வழக்கம் அங்கே பரப்பப்பட்டது.

நம் பனையிலும் பாளையின் இனிப்புச் சாற்றுக்கு வாவல் வரும். மரம் ஏறுகிறவர்களைக் கேட்டால் கலயத்தின் விளிம்பில் நகத் தடம் பார்த்ததைச் சொல்வார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது சாறு புளிக்காமல் இருப்பதற்கான வழி, அதை நோய்த் தடுப்பாக எண்ணிவிட வேண்டாம். பாளைக்கும் கலயத்துக்கும் மூடி கட்டி இறக்கிய அக்கானியாக இருந்தால் நல்லது. காய்ச்சிய பதநீருக்கும் கருப்பட்டிக்கும் இந்த அச்சம் வேண்டியதில்லை, கொதி அதைத் தீர்த்துவிடுகிறது.

கடித்துப் போட்ட பழத்தை ஆட்டுக்கும் பன்றிக்கும் போடலாமா?

போடாதீர்கள். நிப்பா என்ற பெயரே மலேசியக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. 1998, 1999 ஆண்டுகளில் மலேசியாவில் பழமரங்களின் நிழலில் பன்றிப் பண்ணைகள் இருந்தன. வாவல் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழுந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் தொற்று வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர், ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. தொழுவத்தையும் பட்டியையும் வாவல் உண்ணும் மரத்தடியில் கட்டாமல் இருப்பது செலவில்லாத காப்பு.

நகராட்சி இடத்தில் சிறுகாடு வளர்க்கப் போகிறோம். வாவல் வர என்ன நட வேண்டும்? சிலர் வரக் கூடாது என்கிறார்கள்.

இரு தரப்பையும் ஒரே தோப்பில் நிறைவு செய்ய முடியும். ஆல், இத்தி, அத்தி, அயினி, இலுப்பை, புன்னை, நாவல், மகிழம் ஆகியவற்றைத் தோப்பின் நடுவில் வையுங்கள். முன்பு சொன்னபடி அத்தி இனத்தில் இரண்டு மூன்று வகைகளாவது இருந்தால்தான் ஆண்டு முழுவதும் பழம் இருக்கும். குடியிருப்பின் பக்கமும் பள்ளிக்கூடக் கிணற்றின் பக்கமும் பழம் தராத மரங்களை வையுங்கள். மின்கம்பிக்கு அடியில் பழமரம் வேண்டவே வேண்டாம்: பெரிய வாவல் கிளையில் இறங்கும்போது விரித்த இறக்கை இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் கருகித் தொங்கும். எங்கள் சாலையில் அப்படித் தொங்கியதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

கொன்றை வகைகள், வாகை, குல்மொகர் என்று நிழலையும் பூவையும் மட்டும் பார்த்து நட்ட நகரத்தில், இரவில் பசியோடு புறப்படும் வாவலுக்கு எஞ்சுவது வீட்டுத் தோட்டங்களே. ரம்பூட்டான் வைத்திருப்பவர் ஊர்ப் பொது நிலத்தில் ஆல் வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் உண்மையில் அவருக்கு லாபம். ஆனால் அவர்தான் முதலில் எதிர்க்கிறார்.

குட்டி கீழே விழுந்து கிடந்தால் என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள், பசும்பாலும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் துணி போட்ட கூடையால் மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இழைப்புக்கு வாவல் கறி நல்லது என்று பிடிக்கிறார்களே, சட்டம் ஒன்றும் சொல்லாதா?

இழைப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, அது மருந்தில்லை. பிடிப்பதும் அறுப்பதும் முன்பு நிப்பாவுக்குச் சொன்ன அத்தனை அபாயத்தையும் கைக்குக் கொண்டுவரும். சட்டத்தின் கதை சற்று வேடிக்கையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்களையும் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது கொன்றாலும் குற்றமில்லாதவற்றின் பட்டியலில், வைத்திருந்தது. அதே 1972இல்தான் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் பிடித்து, வேறு இனம் என்று கருதி அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு பழந்தின்னி வௌவால், தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யாவால் புதிய பேரினம் என்று அறியப்பட்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைப் பெற்றது. கேரள எல்லை மலைகளில் வாழும் அந்த அரிய உயிருக்கு மட்டும் பின்னர் முதல் அட்டவணைப் பாதுகாப்புக் கிடைத்தது. மற்றவை தீங்குயிர்களாகவே நீடித்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

ஊருக்குள் மரத்தை எல்லாம் வெட்டிவிட்டால் அது மலைக்குத்தானே போகும்? அங்கே இருக்கட்டுமே.

மலையடிவாரத்தில் இப்போது இருப்பது ரப்பர். அதில் வாவல் தின்ன எதுவும் இல்லை. மேலும் பெரிய வாவல் உணவுக்காக ஓர் இரவில் பல கிலோமீட்டர் போய்த் திரும்பக்கூடியது; தங்குமிடத்தை அப்பால் தள்ளினாலும் உங்கள் மரம் அதன் வழிக்குள்தான் இருக்கும்.

எங்கள் காவில் ஒரு பெரிய ஆல் காற்றில் சாய்ந்த ஆண்டில் அதில் தொங்கிய கூட்டம் மலைக்குப் போகவில்லை. பேருந்துகள் நின்று புறப்படும் சந்திப்பில் உள்ள பழைய புளிய மரத்துக்குக் குடிபோயிற்று. அந்த ஆண்டு அயினி பழுத்தபோது, இருட்டத் தொடங்கியதும் சந்திப்பிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஆற்றின்மேல் தாழ்ந்து மார்பை நனைத்து, அந்த ஈரத்தை நக்கிக்கொண்டே காவுக்குத்தான் வந்தன. காலையில் அயினிக் கொட்டை கிடந்தது பழைய இடத்திலேயே.